சாய்த்துப் பார்த்தால் தெரியும் பெயர்

1970 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு அச்சகத்தின் பின்கட்டுக் கதவைத் திறந்தேன். கிணற்றில் தண்ணீர் இறைத்து வாளிகளை நிரப்பினேன். ஸ்பாஞ்சுகளைக் கழுவிப் பிழிந்து வைத்தேன். தோல் ரோலரில் ஒட்டியிருந்த முந்தின நாள் மையை மழுங்கிய கத்தியால் வழித்தேன். அச்சடிக்க வேண்டிய தாள்களை ஈரத் துணிகளுக்கு இடையே அடுக்கி, மேலே பலகை வைத்தேன். முதலாளி சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடிக்கும்வரை யாரும் இயந்திரத்தின் கைப்பிடியைத் தொடக் கூடாது. அன்றும் காத்திருந்தோம்.

என் டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. மற்ற நாட்களில் நாலு வரியோடு முடிந்துவிடும். அன்று மட்டும் பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறேன்.

முதுகுவலி காரணமாக நான் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவன். சேலத்தில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுடைய இயந்திரத்தில் சாம்பல் நிறம் வேண்டுமென்றால் படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைக்க வேண்டுமாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எல்லாம் புள்ளி. கல்லச்சில் புள்ளி போடாமல் சாம்பல் எப்படி வந்தது என்று கேட்டார்கள். வாயால் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் தருமபுரி அச்சகத்தில் சேர்ந்தது 1961-இல். முதலில் கல் தேய்த்தேன். பிறகு மை அரைத்தேன். பிறகு ரோலர் பிடித்தேன். இதற்குமேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெல்லம், புளி, மாம்பழம் என்று மண்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. கல்லச்சின் சூத்திரம் எளிது. கல்லின்மேல் கொழுப்புக் கலந்த பென்சிலால் வரைகிறோம். கல்லை நனைத்தால் வரைந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, வெற்றிடத்தில் ஒட்டும். பிறகு மை உருளையை ஓட்டினால் தண்ணீர் ஒட்டிய இடம் மையைத் தள்ளிவிடும், வரைந்த இடம் வாங்கிக்கொள்ளும். மேலே தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம்.

எனக்கு மேலே இருந்தவர் கரீம் பாய், எங்கள் போர்மேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மை வேலை செய்வார். ஒரு பொட்டு கறை படாது. வெற்றிடம் மை வாங்காமலிருக்கக் கல்லின்மேல் பூசும் பிசின் கரைசலில் திராவகம் விடும்போது அளவுக் குப்பியைத் தொட மாட்டார். ஒரு சொட்டைக் கல்லின் ஓரத்தில் விட்டு, குனிந்து, அது பொங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு குச்சியின் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார். லேபிளுக்கு என்றால் புளிச்ச மோர் மாதிரி இருக்க வேண்டும் என்பார். நான் ஒருமுறை அதேபோல் செய்து பார்த்ததில் அன்று முழுவதும் சோறு ருசிக்கவில்லை. பாய்க்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அவர் மெதுவாகப் பேசினால் நாங்கள் பயப்படுவோம்.

முதலாளியின் பெயர் கிருஷ்ணப்பா. நல்ல மனிதர், ஒரு பயத்தைத் தவிர. சில வருடங்களுக்கு முன் ஊரில் ஒரு பெரிய மனிதரை ஏசி யாரோ மொட்டை நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அச்சடித்த எந்தத் தாளிலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நோட்டீஸில் இல்லை. ஊரிலிருந்த அச்சக முதலாளிகள் எல்லாரையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். எங்கள் முதலாளி அதை அடிக்கவில்லை. ஆனாலும் பகல் முழுவதும் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். தெரிந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்களாம். அன்று முதல் பெயர் வரி இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகாது. கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, புளி லேபிளானாலும் சரி, கீழ் வலது மூலையில் அந்த ஒரு வரி இருக்கும். அந்த வேலையை மட்டும் எங்களிடம் விடாமல் அவரே செய்வார். பெயர் வரி ஒரு சின்னக் கல்லில் நிரந்தரமாக இருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய தாளில் கொழுப்பு மையால் எடுத்து, அந்தத் துண்டை அன்றைய கல்லின் மூலையில் வைத்துத் தேய்ப்பார். எழுத்து கல்லில் இறங்கிவிடும்.

இனி அன்று அச்சடித்த படத்துக்கு வருகிறேன்.

அரசு உயர்நிலைப் பள்ளியின் டிராயிங் மாஸ்டர் சுப்ரமணி விடுமுறைகளில் எங்களுக்கு லேபிள் வரைந்து கொடுப்பார். வெல்ல லேபிளில் இருக்கும் மயில் அவர் கை. அந்த வருடம் பொங்கல் கழிந்து வேலை குறைந்ததும், கூலிக்குப் பதிலாகப் பெரிய கல்லைச் சில நாள் தனக்குக் கொடுக்கும்படி முதலாளியைக் கேட்டார். எங்களிடம் இருந்த பெரிய கல் அது ஒன்றுதான். முதலாளி சம்மதித்தார். பள்ளி விட்டதும் மாஸ்டர் வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வரைவார். கல்லில் வலது இடதாக மாறும் என்பதால், பக்கத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, அதில் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஆளும் இல்லை, மரமும் இல்லை, மயிலும் இல்லை. கறுப்பு, கறுப்பிலிருந்து சாம்பல், சாம்பலிலிருந்து ஒன்றுமில்லாதது. அவ்வளவுதான்.

"கெணறா மாஸ்டர்?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார்.

"இல்லீங்க."

"ஒகேனக்கல்லு சாரலு."

"இல்லீங்க."

"அப்ப பொகை. எங்கயோ வூடு எரியுது, அதானே?"

மாஸ்டர் சிரித்தார். "வெளிச்சம் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு பாக்கறங்க. அதுக்கு மேல சொல்லத் தெரியல."

சென்னையில் ஓர் ஓவியக் காட்சிக்கு அதை அனுப்ப வேண்டும். இதற்கு முன் மூன்று தடவை அனுப்பி மூன்றும் திரும்பி வந்தன. இந்தத் தடவை புதன்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அதனால் செவ்வாய் பகலில் அச்செடுத்து, பொழுது சாயும்போது மொரப்பூர் பஸ் பிடித்து, அங்கிருந்து இரவு ரயிலில் அவரே கொண்டுபோவதாக ஏற்பாடு. பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். புதன் காலை அதே கல்லில் வெல்ல லேபிள் ஏற வேண்டும். மண்டிக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். அந்தப் படத்துக்கு அந்த ஒரு பகல்தான் இருந்தது.

பாய் கல்லின்முன் நெடுநேரம் நின்றார். எங்கள் தொழிலில் வெற்றிடம் வெற்றிடமாக இருக்க வேண்டும். அங்கே மங்கலாக எது தெரிந்தாலும் அழுக்கு. அதைத் திராவகம் வைத்து அரித்து எடுப்பதுதான் நல்ல வேலைக்காரனுக்கு அடையாளம். அந்தக் கல்லிலோ பாதிக்கு மேல் மங்கல்தான்.

"மாஸ்டர், இதுல எது அழுக்கு, எது படம்? காட்டிட்டுப் போங்க. நான் பாட்டுக்குத் தொடச்சிட்டு அப்புறம் என்னைய கேக்கக் கூடாது."

"சில எடத்துல எனக்கே தெரியலீங்க பாய். எல்லாத்தையும் வச்சிக்கலாம்."

"அழுக்கெடுத்துத்தான் இத்தினி வருசமா சோறு தின்னுட்டு இருக்கறன். இப்ப அழுக்கைக் காப்பாத்தச் சொல்றீங்க." குரல் இறங்கவில்லை. அதனால் எனக்கு நிம்மதி.

அன்று பாய் திராவகத்தை ஊற்றவில்லை. குச்சியைத் தோய்த்து உதறி, நுனியில் மிஞ்சியதை மட்டும் பிசினில் காட்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் பிசின் ஊற்றினார். சொட்டைக் கல்லோரத்தில் விட்டபோது சத்தமே வரவில்லை. அவர் காதை இன்னும் தாழ்த்தினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். "இருக்குது," என்றார். கறுப்பின்மேல் ஒரு தூரிகை, சாம்பலின்மேல் வேறொரு தூரிகை. வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வெறும் பிசின் மட்டும். பிறகு விசிறியால் ஆற்றினோம்.

அடுத்த படி, டர்ப்பன்டைன் ஊற்றி வரைந்ததைத் துடைத்துவிடுவது. பென்சில் கரி போய்விடும், கல்லுக்குள் இறங்கிய கொழுப்பு மட்டும் நிற்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. லேபிள் கல்லில் நான் இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன், ஒருமுறைகூடப் படம் திரும்பி வருமா என்று யோசித்ததில்லை. அன்று பாய் துடைக்கத் துடைக்க மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மழை விட்ட தரைபோல் கல் வெறுமையாகக் கிடந்தது.

நான் ஸ்பாஞ்சால் நனைத்தேன். பாய் ரோலரை ஓட்டினார். முதல் ஓட்டத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஓரத்தில் ஏதோ நிழல் தட்டியது. நனைப்பதும் ஓட்டுவதுமாகப் போய்க்கொண்டே இருந்தோம். கறுப்பு முதலில் திரும்பி வந்தது. அதன் பின்னால் சாம்பல், தயங்கித் தயங்கி, கல்லின் மணல்மணலான முகத்தில் ஒவ்வொரு மணலாக ஏறி வந்தது. சேலத்துக்காரர்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். புள்ளியை நாங்கள் போடவில்லை. கல்லின் முகத்திலேயே அது இருந்தது, பென்சில் எவ்வளவு மெதுவாகப் பட்டதோ அவ்வளவு குறைவாக மை வாங்கிக்கொண்டது. நடு இடத்தில் ரோலர் எத்தனை தடவை போய் வந்தாலும் எதுவும் ஒட்டவில்லை.

ஈரத் தாளை மேலே விரித்து, அட்டை வைத்து, தகடு வைத்து, கைப்பிடியைச் சுழற்றினேன். அழுத்தும் மரக்கட்டைக்குக் கீழே கல் போய் வந்தது. தாளின் ஒரு முனையைப் பாய் பிடித்தார், மறுமுனையை நான். மெதுவாக உரித்துத் தூக்கினோம்.

அதை எப்படி எழுதுவது என்று அன்றிரவு டைரியிலும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இருந்ததை மட்டும் சொல்கிறேன். மேலும் இடப்பக்கமும் கெட்டிக் கறுப்பு. அது உள்ளே போகப் போக இளகியது. நடுவுக்குச் சற்று வலது பக்கம் வெறும் தாள். கீழே வலது மூலையில் அந்த வெறுமை கரை கட்டாமல் தாளைவிட்டே வெளியே போனது. அந்த வெறும் தாள் காலையில் நான் ஈரத் துணியில் வைத்த அதே தாள். துணியில் இருந்தபோது அது வெளிச்சமாக இல்லை. இப்போது எங்கள் தகரக் கொட்டகையின் சுவரைப் பெயர்த்து எடுத்ததுபோல் இருந்தது. கையை நீட்டினால் முழங்கைவரை உள்ளே போகும் என்று தோன்றியது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பாய் வெளியே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். சுத்தமாகத்தான் இருந்த கை. திரும்பி வந்து தாளை மறுபடி பார்த்தார். "இது இன்னாத்துக்கு இப்பிடி உள்ள இழுக்குது," என்றார், யாரையும் கேட்காமல்.

அப்போதுதான் முதலாளி பெயர் வரித் துண்டோடு வந்தார். பழக்கம். கல்லின் மூலையைக் கண்ணால் அளந்து குனிந்தார். மாஸ்டர் பாய்ந்து குறுக்கே கையை நீட்டினார். நீட்டிய கை கல்லில் படாமல் ஒரு விரல் உயரத்தில் நின்றது. உள்ளங்கைக் கொழுப்பு பட்டால் கல் அதையும் படமாக வாங்கிக்கொள்ளும். அந்தப் பதற்றத்திலும் அவர் அதை மறக்கவில்லை.

"வேணாங்க முதலாளி."

"என்னா வேணாம்? பேர் போடாம எப்பிடி?"

"கண்ணுல எழுத்து பட்டா, கண்ணு படிக்கப் போயிடும்ங்க. அப்புறம் உள்ள போவாது."

"மூலையிலதான் போடறன்."

"அந்த மூலையிலதாங்க வெளிச்சம் வெளிய போவுது. அங்க போய் உங்க பேரு குறுக்க நிக்குமே."

"அப்ப முதுகுல போடுவமா?" என்றார் பாய்.

"ஒட்டினப்புறம் முதுகை எவன் பாப்பான்? அந்த எஸ்.ஐ. என்னைய மொதல்ல கேட்டதே முகத்துல பேரு எங்கன்னுதான்." முதலாளி பெயர்த் துண்டைக் கல்லுக்கு மேலேயே பிடித்திருந்தார். "நீங்க படிச்சவரு மாஸ்டர். நான் அந்த பெஞ்சில உக்காந்தவன். இது என்னா படம்னு எவனாச்சும் கேட்டா நான் என்னா சொல்லுவன்? படத்துலயும் ஒண்ணுமில்ல, பேரும் இல்லன்னா அது மொட்டையிலயும் மொட்டை."

மாஸ்டர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். முதலாளி பட்டது அவருக்கும் தெரியும். ஸ்டேஷன் வாசலில் பாயோடு அன்று காத்து நின்றவர்களில் அவரும் ஒருவர். கடைசியில், "பேரோட போறதுன்னா நான் அனுப்பலீங்க," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வாடிப்போய்ச் சொன்னார். வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் வேலையை நிறுத்தவில்லை. பேச்சு முடியும்வரை கல் காத்திருக்காது, ஈரம் காய்ந்தால் சாம்பல் மூடிவிடும். தாள் தாளாக எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் நுண்மையான இடங்கள் மை கோத்துத் தடிக்கத் தொடங்கியதும் பாய் ரோலரைக் கீழே வைத்துவிட்டார். தேறியவை மூன்று. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அவற்றின்மேல் வழக்கப்படி வெண்தூள் தட்டி, பஞ்சால் துடைத்தேன். கறுப்பு பளபளப்பை இழந்து கரிச்சட்டியின் அடிபோல் ஆனது.

முதலாளி ஒரு தாளை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோனார். கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் பார்க்க வராது, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"பாய், இங்க வாங்க. கறுப்புல இது என்னா பளபளங்குது? நேரா பாத்தா காணோம்."

கீழ் இடது பக்கக் கறுப்பில் யாருடைய விரலோ பட்டு, அந்த இடத்தில் மட்டும் தூள் போயிருந்தது. நேரே பிடித்தால் கறுப்பில் கறுப்பு. சாய்த்தால் ரேகையோடு விரல் அடையாளம் மினுங்கியது.

"பஞ்சால ஒத்தினா போயிடும்," என்றார் பாய்.

முதலாளி விடவில்லை. சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். பிறகு, "எழுத்தும் இப்பிடி நின்னா?" என்றார்.

வராந்தாவிலிருந்து மாஸ்டர் எழுந்து வந்தார்.

பெயர் வரி இருந்த சின்னக் கல்லை இயந்திரத்தில் ஏற்றி, அதே கறுப்பு மையைத் தடவினோம். மூன்றில் ஒன்றைப் பலி கொடுப்பது என்று முடிவு. பாய் தாளைக் கவிழ்த்து, கீழ் இடது கறுப்பு அந்த வரியின்மேல் உட்காரும்படி இறக்கினார். ஒரு நூல் நகர்ந்தாலும் எழுத்து சாம்பலுக்குள் போய்விடும். எடுத்துப் பார்த்தோம். எழுத்தே தெரியவில்லை. சாய்த்தும் தெரியவில்லை.

"போட்டாச்சு," என்றார் மாஸ்டர் சட்டென்று. "எனக்கு இதே போதுங்க."

"நல்லா இருக்குதே கதை. போட்டேன், ஆனா காணோம்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லட்டுமா?"

எல்லாரும் சிரித்தோம், முதலாளி உட்பட. காலையிலிருந்து அப்போதுதான் சிரிப்பு வந்தது. பாய் பளபளப்புக்காக மையில் வார்னிஷ் கூட்டினார். கத்தியால் தூக்கி அது ஒழுகும் நீளத்தைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் கூட்டினார். இரண்டாவது தாள். கைப்பிடியைச் சுற்றியது நான்தான், ஆனால் சுற்றியதாக நினைவில்லை. தாளை உரித்ததும் பாய் அதைப் பார்க்காமலே மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் நேரே பிடித்தார். கறுப்பு, சாம்பல், வெளிச்சம். வேறெதுவும் இல்லை. வாசல் வெயிலுக்குச் சாய்த்தார். கறுப்புக்குள்ளிருந்து அச்சகத்தின் பெயரும் தருமபுரி என்ற ஊரும் ஈரமாக எழுந்து வந்தன. நிமிர்த்தினார். போய்விட்டன.

"கறுப்புக்கு உள்ளயும் எடம் இருக்குதுங்க பாய்," என்றார் மாஸ்டர். "நான் வரையறப்ப இது எனக்குத் தெரியாது."

மூன்றாவது தாளும் அப்படியே வந்தது. மாஸ்டர் இரண்டாவதை மெழுகுத்தாள் வைத்துத் தகரக் குழலில் சுருட்டி எடுத்துக்கொண்டு மொரப்பூர் பஸ்ஸுக்குப் போனார். காட்சியில் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று பல நாள் கழித்துத் தெரிந்தது. மாட்டியிருந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததாம். ஆட்கள் படத்தின்முன் நடந்துபோகும்போது பெயர் தோன்றி மறைந்ததாம். யார் அந்த யோசனையைச் சொன்னது என்று கேட்டவர்களிடம், எங்கள் முதலாளி என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது தாளைக் கம்பியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

புதன்கிழமை காலை நான் போனபோது முதலாளி எனக்கு முன்னால் வந்திருந்தார். ஊதுபத்தி இன்னும் கொளுத்தவில்லை. கம்பியிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு முற்றத்தில் வெயிலில் நின்றார். சாய்த்துப் பெயரை வாய்விட்டுப் படித்தார். பிறகு பெயர் மறையும்வரை நிமிர்த்தினார். அதற்குப் பிறகு அவர் தாளைச் சாய்க்கவே இல்லை. பாய் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்றார். நாங்கள் கூப்பிடவில்லை.

வெகுநேரம் கழித்து, "மண்டிக்காரன் வந்துடுவான். கல்லைத் தேய்ங்க," என்றார் முதலாளி.

பழைய படத்தை அழிக்க, கல்லைத் தொட்டியில் இறக்கி மணலும் தண்ணீரும் போட்டோம். கறுப்பு இருந்த ஓரங்களில் கையை வைத்தேன். "நடுவுல ஒண்ணுமில்லன்னு விட்டுடாத மாதையா," என்றார் பாய் என்னிடம். "அங்கயும் அதே அளவு தேய்க்கணும், இல்லன்னா கல்லு சமமா நிக்காது." ஒன்றுமில்லாத அந்த இடத்தையும் கறுப்புக்குச் சமமாகத் தேய்த்தோம்.